துண்டுக்கு அடியில் ஒரு விலை

2024 மார்ச் மாதக் கடைசி வாரத்தில், லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டு வாசலில் புதிய கார் வந்து நின்ற அன்று மாலை, பக்கத்து வீட்டு அங்கிள் வேலியோரம் வந்து நின்று, வண்டியை ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டு, "தம்பி, எவ்வளவுக்கு எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், 22 ஆண்டுகள் பெட்ரோல் நிலையம் ஒன்றில், பெரும்பாலும் இரவு வேலையாகவே பார்த்து ஓய்வு பெற்றவர். அதே மாடல் காரை அவரும் ஆறு மாதங்களுக்கு முன்புதான் வாங்கியிருந்தார். அவருடையது வெள்ளை, என்னுடையது சாம்பல். வண்டியில் வேறு வித்தியாசம் எதுவும் இல்லை. அவர் எங்கள் பகுதி ஷோரூமில் வாங்கினார், நான் இணையத் தரகர் ஒருவர் வழியாக வாங்கினேன். அவர் கொடுத்த விலை எனக்குத் தோராயமாகத் தெரியும் என்பதால், நான் கொடுத்த விலையைச் சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தார்கள் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, மழை வரும்போல் இருக்கிறது என்று பேச்சை மாற்றினேன்.

அன்று சொல்லாமல் விட்ட அந்தத் தொகை இன்றுவரை என்னை விடவில்லை. புதுக் கார் வாங்கப்போகும் நண்பர்கள் தரகரிடம் வாங்கலாமா, டீலரிடம் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. பணத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். என்னால் அந்த ஒரு வரியோடு நிறுத்த முடியாமல் போனதற்கு அங்கிள்தான் காரணம்.

ஷோரூமில் ஒரு சனிக்கிழமை

பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் அந்த ஷோரூமுக்குப் போயிருந்தோம். விற்பனைப் பிரிவில் இருந்த இளைஞர் எங்களுக்காக ஒன்றரை மணி நேரம் செலவழித்தார். ஏ40 சாலை வரை வண்டியை ஓட்டிப் பார்க்க விட்டார்; ஹைப்ரிட் எந்தக் கட்டத்தில் மின்சாரத்தில் ஓடுகிறது, எப்போது பெட்ரோலுக்கு மாறுகிறது என்பதைப் பொறுமையாக விளக்கினார்; பின்னிருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்திக் காட்டினார். அதன் பிறகு விலை. வாட் வரி, வண்டியைக் கொண்டுவரும் செலவு, நம்பர் பிளேட், 55 பவுண்டு முதல் பதிவுக் கட்டணம், முதல் ஆண்டுச் சாலை வரி எல்லாம் சேர்ந்த 'ஆன் தி ரோடு' விலை 28,450 பவுண்டு என்று பலகையில் இருந்தது. குறைத்துத் தர முடியுமா என்று கேட்டோம். அவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு மேலாளரின் கண்ணாடி அறைக்குள் போனார். கண்ணாடி வழியாக இருவரும் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. திரும்பி வந்து, 27,600 என்று எழுதிய தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, கால் மிதிகளைத் தனியாகக் காசு வாங்காமல் போட்டுத் தருவதாகவும் சொன்னார். "இதற்குக் கீழே போக எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

அன்று இரவு, அலுவலகத்தில் ஒருவர் முன்பு சொல்லியிருந்த ஒரு தரகுத் தளத்தில் மாடலையும் நிறத்தையும் குறிப்பிட்டுப் பார்த்தேன். 25,190 என்று வந்தது. முதலில் இது ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன். நிறத்தை மாற்றினேன், திரும்பவும் பழைய நிறத்தைப் போட்டேன், தொகை மாறவில்லை. பட்டியல் விலையைவிட 3,260 பவுண்டு குறைவு. ஷோரூமில் கண்ணாடி அறைக்குள் போய் வந்து எங்களுக்குக் கிடைத்தது 850.

திங்கட்கிழமை தொலைபேசியில் தரகரிடம் பேசினேன். நான் கேட்ட முதல் கேள்வி, வண்டி பதிவாகாத புது வண்டிதானா என்பது. இந்த நாட்டில் மாதக் கணக்கைச் சரிக்கட்டுவதற்காக டீலர்கள் வண்டிகளைத் தங்கள் பெயரிலேயே பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிறகு அவற்றைப் புதியவை போலவே குறைந்த விலைக்கு விற்பதுண்டு. வண்டி ஓடியிருக்காது, ஆனால் வி5சி என்னும் பதிவு ஆவணத்தில் நம் பெயர் இரண்டாவதாகத்தான் வரும், தயாரிப்பாளரின் உத்தரவாதமும் அவர்கள் பதிவு செய்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும். என் பெயர்தான் முதல் பெயராக இருக்கும் என்றார். முன்பணம் யாரிடம் போகிறது என்று கேட்டேன். எங்களிடம் ஒரு பென்னிகூட வராது, வண்டியை விற்கும் டீலருக்கே நேரடியாகக் கட்டுவீர்கள், கடன் அட்டையில் கட்டுங்கள் என்று அவரே சொன்னார். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்கு மிகாத விலையுள்ள ஒரு பொருளுக்கு முன்பணத்தை மட்டும் கடன் அட்டையில் கட்டியிருந்தாலும், விற்றவர் கைவிட்டால் முழுத் தொகைக்கும் வங்கி பொறுப்பேற்க வேண்டும். ஒரு தரகர் தானாக முன்வந்து இதைச் சொன்னபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. எந்த டீலர் என்று கேட்டதற்கு மட்டும், ஆர்டர் உறுதியான பிறகே சொல்ல முடியும் என்றார்.

குறைந்த விலை எங்கிருந்து வருகிறது

தரகர் வண்டிகளை வாங்கி வைத்து விற்பவர் அல்லர். தயாரிப்பாளர் ஒவ்வொரு டீலருக்கும் காலாண்டுக்கு இத்தனை வண்டி என்று ஓர் இலக்கு வைக்கிறார். இலக்கை எட்டினால் கடைசி வண்டிக்கு மட்டுமன்றி, அந்தக் காலாண்டில் விற்ற வண்டிகள் பலவற்றுக்கும் சேர்த்து ஊக்கத்தொகை கிடைக்கக்கூடும். இலக்குக்கு நான்கு வண்டிகள் குறையும் நிலையில் மார்ச் மாதத்தின் பாதி கடந்துவிட்டால், அந்த நான்கையும் நட்டத்துக்கு விற்பதுகூட டீலருக்கு லாபமாகிவிடும். ஆனால் அந்த விலையைத் தன் ஷோரூம் பலகையில் எழுத முடியாது. எழுதினால் அடுத்து வருகிற எல்லோரும் அதையே கேட்பார்கள். தொலைவில் இருக்கும், தன் ஊர்ச் சந்தையைக் கெடுக்காத ஒருவருக்குத்தான் அந்த விலையில் விற்க வேண்டும். அந்த ஒருவரைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் தரகரின் வேலை. அதற்கு டீலரிடமிருந்து அவருக்குக் கூலி. மார்ச் 1, செப்டம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை நம்பர் பிளேட்டின் ஆண்டு அடையாளம் மாறுகிற நாடு இது. அந்த இரண்டு மாதங்களிலும் இந்த நெருக்கடி உச்சத்துக்குப் போகும். நான் வாங்கியது அப்படியொரு மார்ச்சில்.

இதில் புதிதாக எதுவும் இல்லை. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரிட்டனின் போட்டி ஆணையம் புதுக் கார் விற்பனையை ஆராய்ந்து, தனிநபர்கள் சராசரியாகச் சுமார் 10 சதவீதம் அளவுக்கு அதிகமாக விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது. நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும்போது கிடைத்த தள்ளுபடி, ஷோரூமுக்குள் தனியாக நடந்து வருகிறவருக்குக் கிடைக்காமல் இருந்ததுதான் அந்த அறிக்கை சுட்டிய முக்கியமான குறை. வலதுபக்க ஸ்டியரிங் வைத்த கார்களைப் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் போய் வாங்கி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். இணையத் தரகர்கள் அந்த இடைவெளியில் முளைத்தவர்கள். 24 ஆண்டுகள் கழித்து, கணக்குப் பார்த்தால் எனக்குக் கிடைத்த குறைப்பும் பட்டியல் விலையில் 11 சதவீதத்துக்குச் சற்று மேல்தான்.

ஆர்டர் உறுதியானதும் ஒப்பந்தப் படிவம் மின்னஞ்சலில் வந்தது. டீலர் லீட்ஸுக்கு அருகே இருந்தார். படிவத்தின் தலைப்பைப் பார்த்தவுடன் சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது எங்கள் பகுதி ஷோரூம் எந்தக் குழுமத்தைச் சேர்ந்ததோ, அதே குழுமத்தின் வடக்குக் கிளை. அந்தச் சனிக்கிழமை நமக்காக ஒன்றரை மணி நேரம் செலவழித்த இளைஞரின் சம்பளச் சீட்டிலும் இதே பெயர்தான் அச்சாகியிருக்கும். "இதற்குக் கீழே போக எனக்கு அதிகாரம் இல்லை" என்று அவர் சொன்னது முழு உண்மை. அந்த அதிகாரம் அதே வீட்டின் இன்னோர் அறையில் இருந்திருக்கிறது. அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டு வேறிடத்தில் வாங்குகிறோமே என்று அதுவரை எனக்குள் இருந்த சங்கடம், அந்தத் தாளைப் பார்த்ததும் குறையவில்லை. அவர் மீது இருந்த பரிவு கூடியது, அவ்வளவுதான்.

பொள்ளாச்சிச் சந்தை

என் அப்பா மாடு வாங்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். செவ்வாயும் வியாழனும் சந்தை கூடும். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்க விட்டுப் பார்த்து, சுழி பார்த்து முடித்த பிறகு, தரகர் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரிப்பார். அதன் அடியில் அப்பாவின் கையும் அவர் கையும் பிணைந்திருக்கும். விரல்களைப் பிடித்தும் அழுத்தியும் விலை பேசுவார்கள். சுற்றிலும் பத்துப் பேர் நின்றாலும் ஒருவருக்கும் தொகை தெரியாது. அப்பாவின் முகத்தை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். புருவம் சற்று ஏறினால் தரகர் அதிகம் கேட்கிறார் என்று பொருள். பத்து வயதில் எனக்கு அது ஒரு வித்தையாகத் தெரிந்தது. ஏன் துண்டைப் போட்டு மூடுகிறார்கள் என்று கேட்டபோது அப்பா சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது: "நமக்குக் கொடுக்கிற வெலை அடுத்தவனுக்குத் தெரிஞ்சா, அவனும் அதையே கேப்பான்லடா."

ஷோரூமின் கண்ணாடி அறையும், ஆர்டர் உறுதியாகும்வரை டீலரின் பெயரைச் சொல்லாத தரகரும் எனக்கு அந்தத் துண்டைத்தான் நினைவூட்டினார்கள். ஆனால் சந்தையில் இருந்த ஒன்று இங்கே இல்லை. அந்தத் தரகர் அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதே புளியமரத்தடிக்கு வந்தாக வேண்டும். மாடு உதைத்தாலோ, சொன்ன அளவு பால் கறக்காவிட்டாலோ, அப்பா நேராக அவரிடம் போய் நிற்பார். அவர் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. இரண்டு பக்கமும் தரகு வாங்கியவர், இரண்டு பக்கத்துக்கும் முகம் கொடுக்க வேண்டியவராகவும் இருந்தார். மூன்று மாதம் கழித்து எங்கள் காரின் டிக்கியில் மழைநீர் கசிந்தபோதுதான் இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது.

அதற்கு முன் வண்டி வந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்கு லீட்ஸிலிருந்து கிளம்பிய ஒரு பெரியவர், பதினொன்றரைக்கு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். முன்னும் பின்னும் வண்டியின் சொந்த நம்பரின் மேல், வண்டி வணிகர்கள் தற்காலிகமாக மாட்டிக்கொள்ளும், வெள்ளையில் சிவப்பு எழுத்துப் போட்ட வணிகத் தகடுகளை மாட்டியிருந்தார். மைல்மானியில் 208 இருந்தது. வண்டியை ஓட்டியே கொண்டுவருவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தூறலில் நின்றபடி நான் வண்டியைச் சுற்றிக் கீறல் தேடினேன். அவர் குடை பிடித்தார். தாளில் கையெழுத்திட்டதும் இரண்டு சாவிகளையும் கொடுத்துவிட்டு, தகடுகளைக் கழற்றித் துடைத்துப் பைக்குள் வைத்தார். மனைவி நான்கு எலுமிச்சம்பழங்களோடு வருவதைப் பார்த்து, எதற்கென்று கேட்காமலேயே மரியாதையோடு ஒதுங்கி நின்றார். தேநீர் குடித்துவிட்டு, பக்கத்து ரயில் நிலையத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நடந்தே போனார். அங்கிளுக்கு அவருடைய வண்டியைக் கொடுத்த நாளில் ஷோரூமில் அதன் மேல் பட்டுத்துணி போர்த்தி, ஆன்ட்டியின் கையில் பூங்கொத்துக் கொடுத்து, இருவரையும் வண்டியின் முன் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. எதையும் எதிர்பார்த்துப் பழகாத இரண்டு முகங்களில் அன்று வந்த சிரிப்பு அது. அதற்கு விலை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பொருட்படுத்தாமல் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

டிக்கியில் தண்ணீர் கசிந்ததும் எங்கள் பகுதி ஷோரூமின் பணிமனைக்குப் போனேன். தயாரிப்பாளரின் உத்தரவாதம் எந்த அதிகாரபூர்வ டீலரிடமும் செல்லும் என்பதால் அவர்கள் மறுக்கவில்லை. கணினியைப் பார்த்துவிட்டு, இங்கே வாங்கிய வண்டி இல்லையே என்று மட்டும் சொன்னார்கள். ஐந்து வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. மாற்று வண்டி அங்கே வாங்கியவர்களுக்குத்தான் முதலில் என்றார்கள். லீட்ஸ் கிளை, இங்கே கொண்டுவாருங்கள், பார்க்கிறோம் என்றது. தரகர் மிகப் பணிவான ஒரு மின்னஞ்சலில், ஒப்பந்தம் எனக்கும் டீலருக்கும் இடையில்தான் என்று நினைவூட்டினார். சட்டப்படி அவர் சொன்னது சரி. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், பழுதுள்ள வண்டியை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. அதற்குப் பிறகு, விற்றவருக்குச் சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் தெரியவந்த பழுது தொடக்கத்திலிருந்தே இருந்ததாகவே கொள்ளப்படும். உரிமை முழுவதும் என்னிடம் இருந்தது, பொறுப்பானவர் மட்டும் 200 மைல் தொலைவில் இருந்தார். ஐந்து வாரம் டிக்கியில் பழைய துண்டுகளை விரித்து ஓட்டினேன். பிறகு ரப்பர் பட்டையை மாற்றிக் கொடுத்தார்கள், மறுபடி கசியவில்லை. 3,260 பவுண்டுக்கு இந்த அலைச்சல் தகுமா என்றால், எனக்குத் தகும். ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் தொலைபேசியில் விடாமல் வாதாடவும் முடிகிறவன் நான் என்பதையும் அதோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோப்போடு வந்தவர்

அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கிள் கதவைத் தட்டினார். கையில் ஒரு நீலக் கோப்பு. உள்ளே வந்து உணவு மேசையில் உட்கார்ந்தார். தேநீர் வேண்டாம் என்றார். அவருடைய அக்கா மகன் இணையத்தில் கார் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், நானும் அப்படித்தான் வாங்கினேன் என்று அவன் சொன்னதாகவும் தொடங்கினார். பிறகு கேட்டார்: "சரியா எவ்வளவு குடுத்தனீங்கள் தம்பி?"

இந்த முறை சொன்னேன்.

அவர் எதுவும் பேசாமல் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். தாள்கள் எல்லாம் தேதி வரிசையில், ஓரம் மடங்காமல் இருந்தன. வண்டி 27,950. பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு 399. கேப் காப்பீடு 349. மொத்தம் 28,698. அவர் வாங்கியபோது இருந்த பட்டியல் விலையில் ஒரு பவுண்டுகூடக் குறையவில்லை. அதில் 15,000 பவுண்டுக்கு ஷோரூம் ஏற்பாடு செய்து கொடுத்த கடன். அந்த ஒப்பந்தம் தனியே பின் போட்டு இருந்தது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, தாளின் கீழே என் தொகையை எழுதிக் கழித்தார். 3,508. கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலையிலிருந்து நிற்கும்போது ஓர் இரவுக்கு வரி போக அவருக்குக் கையில் கிடைத்தது சுமார் 100 பவுண்டு என்று முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறார். "முப்பத்தஞ்சு இரவு" என்றார்.

விலையைக் குறைத்துக் கேட்டுப் பார்க்கவில்லையா என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "எழுதிப் போட்டிருந்தது, நான் குடுத்தன். கேக்கலாம் எண்டு எனக்கு ஆர் சொன்னது?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "நாங்கள் பெட்ரோல் விலையை ரோட்டுக்கரையில ஆள் உயரத்துக்கு எழுதி வைப்பம் தம்பி. ராத்திரி மூண்டு மணிக்கு வாறவன் ஆரெண்டாலும் அந்த விலைதான். பென்ஸில வந்தாலும் அதுதான், பழைய வானில வந்தாலும் அதுதான். நான் இதையும் அப்பிடித்தான் நினைச்சன்."

நான் பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கோப்பை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தவர், கதவருகே நின்று, "அண்டைக்கு வேலியடியில கேட்டனான். நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்தேன் என்பது உண்மைதான். ஆனால் வேலியோரம் நான் செய்த வேலை, பொள்ளாச்சியில் துண்டை விரித்தவர் செய்த வேலையேதான். கண்ணாடி அறைக்குள் மேலாளர் செய்ததும் அதுவே. ஷோரூமில் அவரை மதித்து நடத்தினார்கள், பூங்கொத்துக் கொடுத்தார்கள், விலையை மட்டும் மறைத்தார்கள். நானும் அவரை மதித்தேன், விலையை மறைத்தேன். கேட்கத் தெரியாதவர் அதிகம் கொடுப்பதும், கேட்கத் தெரிந்தவர் குறைவாகக் கொடுப்பதும் அவரவர் சாமர்த்தியம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சாமர்த்தியமாகத் தெரியவில்லை. எனக்குக் கிடைத்த 3,260 பவுண்டை டீலர் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. முழு விலை கொடுப்பவர்கள் இருப்பதால்தான் காலாண்டுக் கடைசியில் சிலருக்கு அடிமட்ட விலையில் விற்க முடிகிறது. அங்கிளும் நானும் ஒரே குழுமத்தில் வாங்கினோம். அவர் கொடுத்ததில் ஒரு பகுதி என் வாசலுக்கு வந்து நின்றது என்று நான் சொன்னால், கணக்குத் தெரிந்தவர்கள் மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். இருவருமாக அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். கேப் காப்பீடு என்பது, வண்டி முழுதும் சேதமானால் காப்பீட்டு நிறுவனம் தரும் தொகைக்கும் நாம் கொடுத்த விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை ஈடுகட்டுவது. 2024 பிப்ரவரியில், பிரிட்டனின் நிதித் துறையைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையம் பெரும்பாலான நிறுவனங்களை அதன் விற்பனையையே நிறுத்திவைக்கச் செய்தது. வாடிக்கையாளர்கள் கட்டிய பிரிமியத்தில் 6 சதவீதம்தான் இழப்பீடாகத் திரும்பப் போயிருந்தது, சில நிறுவனங்கள் 70 சதவீதம் வரை விற்றவர்களுக்கே கமிஷனாகக் கொடுத்திருந்தன. அங்கிள் வாங்கியது அதற்கு ஐந்து மாதம் முன்பு. காலம் மீதமிருந்த அந்தக் காப்பீட்டை ரத்து செய்யச் சொல்லி எழுதினோம். ஒரு பகுதி திரும்ப வந்தது. பெயின்ட் பூச்சுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடன் ஒப்பந்தத்தில் ஷோரூமுக்கு எவ்வளவு கமிஷன் போனது என்று எங்குமே எழுதியிருக்கவில்லை; கமிஷன் தரப்படலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. 2025 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட கமிஷன்கள் குறித்து ஒரு தீர்ப்புச் சொன்னது. கடன் நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் சாதகமான தீர்ப்புத்தான். ஆனால் 6,499 பவுண்டுக்குப் பழைய சுசுகி ஸ்விஃப்ட் ஒன்றைக் கடனில் வாங்கிய ஒரு தொழிற்சாலை மேற்பார்வையாளரின் வழக்கில் மட்டும், அவருக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் இடையிலான உறவு நியாயமற்றது என்றது. அவர் கடனுக்காகக் கொடுத்த மொத்தச் செலவில் 55 சதவீதம், அவருக்குத் தெரியாமல், வண்டி விற்றவருக்குக் கமிஷனாகப் போயிருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்றே அங்கிளுக்காகக் கடன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தானே கையால் படியெடுத்து, கையெழுத்திட்டு அனுப்பினார்.

இனி வாங்குபவர்களுக்கு

விலையை எல்லோருக்கும் ஒன்றாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று ஒரு கட்டத்தில் நினைத்தேன். டெஸ்லா தொடக்கத்திலிருந்தே தானே நேரடியாக விற்கிறது. மெர்சிடிஸ் பென்ஸ் 2023 ஜனவரி முதல் பிரிட்டனில் விலையைத் தானே நிர்ணயித்து, டீலர்களை முகவர்களாக மாற்றியது. வோல்வோவும் அதே ஆண்டில் அந்த வழிக்கு வந்தது. அந்த முறையில் கண்ணாடி அறைக்கு வேலை இல்லை, தரகருக்கும் பெரிதாக இடமில்லை. அங்கிள் சொன்ன பெட்ரோல் பலகை அதுதான். ஆனால் பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே இன்னொரு பெட்ரோல் நிலையம் இருக்கும். ஒரு நிறுவனத்தின் வண்டியை அந்த நிறுவனம் மட்டுமே விலை வைத்து விற்றால், அதே வண்டிக்கு எதிர்ப் பலகை கிடையாது. எல்லோரும் ஒரே விலை கொடுப்பார்கள். அது அங்கிள் கொடுத்த விலையாகக்கூட இருக்கலாம். ஆகையால் என் மனம் இப்போதும் தரகர் பக்கமே சாய்கிறது. அவர் துண்டை முழுவதும் விலக்குவதில்லை, ஆனாலும் தொகையைத் திரையில் போடுகிறார். அது யார் கண்ணுக்கும் தெரியும். அதை வைத்துக்கொண்டு எங்கே போய் வாங்குவது என்பது அவரவர் விருப்பம். ஒன்றை மட்டும் இடையில் சொல்லி வைக்கிறேன்: விலை ஒரு வரம்பைத் தாண்டும் கார்களுக்கு அரசு வசூலிக்கும் கூடுதல் சாலை வரி, பட்டியல் விலையை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. தரகர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அது குறையாது.

போன செப்டம்பரில் அங்கிளின் இளைய மகளுக்கு ஒரு சிறிய கார் தேவைப்பட்டது. என் மடிக்கணினியில் இருவரும் பார்த்தோம். பட்டியல் விலை 24,600, தரகுத் தளத்தில் 22,340. அவர் அதை அச்செடுத்துத் தரச் சொன்னார். நீலக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு மறுநாள் காலை தனியாக அதே ஷோரூமுக்கு நடந்து போனார். நானும் வருகிறேன் என்று சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அங்கே அதே இளைஞர்தான் இருந்திருக்கிறார். அங்கிள் கோப்பைத் திறந்து தாளை அவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். இளைஞர் மூன்று முறை கண்ணாடி அறைக்குள் போய் வந்திருக்கிறார். கடைசியில் 22,900 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பூச்சும் இல்லை, கடனும் இல்லை. தரகர் விலையைவிட 560 அதிகம். பழுதென்றால் நடந்தே போய்ச் சொல்லிவிடலாம், மாற்று வண்டியும் தருவார்கள் என்பதால் அதற்கே ஒப்புக்கொண்டுவிட்டார்.

மதியம் நான் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் தெருமுனையில் வரும்போதே கோப்பை உயர்த்திக் காட்டினார். வேலியருகே வந்து நிற்கும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை. மூன்று வீடு தள்ளியே நின்று, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "தம்பி, இருபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்!" என்று உரக்கச் சொன்னார்.